மேசை எடுத்துக்கொண்ட பங்கு

கீலுங் துறைமுகத்தில் மழை பெய்யாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மான்ரூவுக்கு ஐம்பது வயது பிறந்த அந்த வசந்தத்தில் அதுவும் முடியாமல் போயிற்று. நான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள் பாதி கரைந்தாற்போல் நின்றன. அவற்றுக்கு மேலே கரும்பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிட்டன. அவள் சோயாப் பாலை ஆற்றிக்கொண்டு, கணினியைத் திறந்து, காலை ஏழு மணிக்கு இணையச் சீட்டாட்ட மேசையில் போய் உட்காருவாள்.

அதற்கு முன் பதினேழு வருஷம் அவள் வேறொரு ஜன்னலில் இருந்தாள். தைப்பேய்க்குப் போகும் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி. கார் என்றால் நாற்பது யுவான், லாரி என்றால் ஐம்பது. முகமூடி, கையுறை, நீட்டிய கை. மூடுபனிக்குள்ளிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக வரும், ஒரு நொடி நிற்கும், போய்விடும். முகங்கள் நினைவில் தங்குவதில்லை. விரல்கள்தான் தங்கும். மோதிரம் போட்ட விரல், மசகு எண்ணெய் படிந்த விரல், கட்டணச் சீட்டை எப்போதும் நான்காக மடித்துத் தரும் ஒரு விரல். பிறகு ஒரு டிசம்பர் கடைசியில் சாவடிகளை மூடினார்கள். வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய சிறு பட்டையைச் சாலைக்கு மேலே கட்டிய கருவியே படித்துப் பணத்தைக் கழித்துக்கொண்டது. கடைசி நாளன்று உடன் வேலை செய்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மான்ரூ அழவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினாள்.

அந்தத் தூக்கத்திலும் அவள் கை நீண்டுகொண்டே இருந்தது. அவள் கணவன் கோசுவான் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் விசைப்படகில் வேலை பார்ப்பவன். அவன் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்து, "சில்லறை இல்லம்மா, நாளைக்குத் தரேன், இப்ப விடு" என்பான். அவள் தூக்கத்திலேயே தலையாட்டுவாளாம்.

சீட்டாட்டத்தை அவளுக்குப் பழக்கியது சாவடித் தோழி லீசுவான். "உக்காந்த இடத்துலயே வேலை. கண்ணும் கையும் போதும். நம்மளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடி" என்று சொல்லிக் கணக்குத் திறந்து கொடுத்தாள். லீசுவான் மூன்றே மாதத்தில் சலித்துப்போய் நகப்பூச்சுக் கடைக்குப் போய்விட்டாள். மான்ரூ தங்கிவிட்டாள்.

அவள் நல்ல ஆட்டக்காரி. பதினேழு வருஷம் விரல்களைப் பார்த்தவளுக்கு, திரைக்கு அந்தப் பக்கம் ஒருவன் பணம் வைக்கத் தயங்குவதும் அவசரப்படுவதும் தெரிந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் முதலில் மூன்று சீட்டு விரியும், பிறகு ஒன்று, பிறகு இன்னும் ஒன்று. ஒவ்வொரு முறையும் பணம் நடுவில் சேரும். ஏற்றிக் கேட்கலாம், கேட்டதற்கு ஈடுகட்டலாம், வேண்டாம் என்று கவிழ்த்துவிடலாம். பச்சை மேசையைச் சுற்றி ஆறு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு படம். ஒருவனுக்குத் தேநீர்க் குடுவை, இன்னொருவனுக்கு ரயில் எஞ்சின். அவளுக்குக் குடை. சில காலைகளில் மழைச் சத்தமும் சீட்டு விழும் மெல்லிய சத்தமும் ஒன்றாகி, கண்ணாடிக் கூண்டுக்குள் தான் இன்னும் நிற்பதாகவே அவளுக்குத் தோன்றும். மூடுபனிக்குள்ளிருந்து சீட்டுகள் வரும், ஒரு நொடி நிற்கும், போய்விடும்.

அந்த மேசைக்குத் தவறாமல் வருகிறவர் ஒருவர் இருந்தார். படம், வெண்கொக்கு. பெயர் யென் திங்ஹோ என்பது பிறகுதான் தெரிந்தது. பெங்ஹூ தீவுகளில் ஏதோ ஒரு தொலைத்தீவில் வானிலை பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. முழங்கால் சரியில்லை. மேசையில் உட்கார்ந்ததும் முதலில் காற்றின் வேகம் எத்தனையாவது தரம் என்றுதான் எழுதுவார்.

"இங்க காத்து ஏழு. உங்க பக்கம்?"

"மழைதான் அண்ணே. வேற என்ன இருக்கு இங்க?"

"நேத்தும் அதையேதான் சொன்னே, மழைக்காரி. கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதா?"

"சரி. இன்னிக்குக் கொஞ்சம் ஈரமான மழை."

ஏழிலிருந்து எட்டுவரை பெரும்பாலும் இவர்கள் இரண்டு பேர்தான். அவர் மெதுவாக யோசித்து, தாராளமாக விளையாடுவார். என்ன சீட்டு வந்தாலும் காசு போட்டு உள்ளே வந்து எட்டிப் பார்க்கிற ஆசை அவருக்கு. ஒருநாள் அவர் ஜெயிப்பார், மறுநாள் அவள் ஜெயிப்பாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. ஒருநாள் கோசுவான் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "நல்லா ஆடுறேன்னு சொல்றியே, ரெண்டு வருஷத்துல எவ்வளவு சேர்ந்திச்சு?"

அவள் கணக்கைப் பார்த்தாள். போட்ட பணத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"யாருகிட்ட தோத்தே?"

அதுதான் அவளுக்குப் புரியவில்லை. தோற்ற ஞாபகம் இல்லை. தேநீர்க் குடுவையிடம் ஜெயித்திருந்தாள். ரயில் எஞ்சினிடம் நிறையவே ஜெயித்திருந்தாள். கொக்கிடம் ஏறக்குறையச் சமம். பிறகு பணம் எங்கே போயிற்று? யாரோ வீட்டுக்குள் வந்து ஒரு சாமானையும் கலைக்காமல் எதையோ எடுத்துக்கொண்டு போனாற்போல் இருந்தது.

மறுநாள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கினாள். தினம் இரண்டரை மணி நேரம், இரண்டு மேசை. அவள் ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் நடுவில் எவ்வளவு சேர்ந்தது, அவள் கைக்கு எவ்வளவு வந்தது என்று இரண்டு எண்களை எழுதினாள். மேசைக் கணக்கு டாலரில்தான்; நான்கு டாலர் சேர்ந்தால் மூன்று டாலர் எண்பது சென்ட் வந்தது. பத்து சேர்ந்தால் ஒன்பதரை. நூற்றுக்கு ஐந்து மேசைக்காரனுக்கு, அதாவது மேசை நடத்தும் இணையத்தளத்துக்கு. இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை, விதிகளில் எழுதியே இருந்தது. ஆனால் ஐந்து சென்ட், பத்து சென்ட்டை யார் நின்று பார்க்கிறார்கள்?

மாசக் கடைசியில் கூட்டினாள். தோற்றது போக, மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து அவள் வென்றது நூற்று எண்பத்தொரு டாலர். அவள் வென்ற பணத்திலிருந்து மேசை எடுத்துக்கொண்டது நூற்றுத் தொண்ணூற்றாறு.

பேனாவை மூடினாள். சாவடியில் ஒரு லாரிக்காரன் ஒரு வருஷக் கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "இந்த வருஷம் உங்ககிட்ட மட்டும் பத்தாயிரத்துக்கு மேல குடுத்திருக்கேன்க்கா, கணக்குப் போட்டுப் பார்த்தேன்." அன்று அவள் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்திருந்தாள். அவன் முகம் இப்போதும் நினைவில்லை. விரல் நினைவிருந்தது, கட்டைவிரலில் ஒரு வெட்டுத் தழும்பு.

கோசுவானிடம் நோட்டைக் காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பதினேழு வருஷம் ஊரே உங்கிட்ட கட்டிச்சு. இப்ப நீ கட்டுறே. சரியாப் போச்சு, சுங்கக்காரியம்மா!"

"சிரிய்யா, சிரி. நான் ரோட்டை விட்டு எறங்கப் போறதில்ல. குறைச்சுக் கட்டுற வழி எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வண்டிக்காரங்க என்னென்ன செய்வாங்கன்னு பார்த்தவதானே நான்."

அவள் நோட்டை மறுபடி முதலிலிருந்து படித்தாள். மழை நாட்களில் அதைப் படிப்பது ஆற்றுக்குள் கையை விட்டு அடிமண்ணைத் தொடுவதுபோல இருந்தது. கட்டணத்தில் பெரும்பகுதி சின்னச் சின்னத் தொகைகளிலிருந்துதான் போயிருந்தது. சும்மா என்ன வருகிறது பார்ப்போம் என்று அவள் ஈடுகட்டி உள்ளே போன ஆட்டங்கள். பெரிய ஆட்டங்களில் ஒன்றரை டாலருக்கு மேல் மேசை எடுப்பதில்லை, அதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. நடுவில் மூன்று சீட்டு விரியும் முன்பே மற்றவர்கள் கவிழ்த்துவிட்டால் ஒரு சென்ட்கூட எடுப்பதில்லை.

ஆகவே அவள் எட்டிப் பார்க்கும் ஆசையை விட்டாள். சுமாரான சீட்டு என்றால் கவிழ்த்தாள். நல்ல சீட்டு என்றால் முதலிலேயே ஏற்றிக் கேட்டாள். எல்லோரும் விலகி, சீட்டு விரியாமலே கைக்கு வந்த சில்லறை அவளுக்கு மற்ற வெற்றிகளைவிட இனித்தது. பிறகு வேறு மேசைகளின் விதிகளைப் படித்தாள். இன்னொரு தளத்தில் உச்சவரம்பு ஒரு டாலர்தான். அங்கே கட்டிய கட்டணத்தில் நூற்றுக்கு முப்பதை வாராவாரம் திருப்பித் தந்தார்கள். கணக்குத் திறக்கும்போதே கேட்க வேண்டும், கேட்காதவர்களுக்கு இல்லை. அவள் கேட்டாள்.

ஒரே ஒரு சங்கடம். கொக்கு பழைய தளத்தில் இருந்தார்.

போவதற்கு முன் ஒரு வாரம் அவருக்காகவும் எழுதிப் பார்த்தாள். காலை ஏழு மணிக்கு இருவரும் மட்டும் ஆடும் நேரம்தான் எல்லாவற்றையும்விட மோசம். ஒரே இருபது டாலர் அவரிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து அவருக்கும் போய் வந்துகொண்டிருந்தது. கை மாற மாற, ஈரச் சோப்புக்கட்டிபோல அது இளைத்தது. எழுதினாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நாம ரெண்டு பேரும் மாறி மாறி ஜெயிக்கிறோம்ல, அதுல யாருக்கும் லாபம் இல்ல. எல்லாம் மேசைக்குத்தான் போகுது. இந்த ஒரு வாரத்துல நீங்க மட்டும் பதினாலு டாலர் கட்டியிருக்கீங்க."

கொக்கு கையிலிருந்த சீட்டுக்கு ஈடுகட்டிவிட்டுத்தான் எழுதினார்.

"பதினாலுதானா?"

"பதினாலுதானாவா? மாசத்துக்கு அறுபது ஆச்சு அண்ணே!"

"மழைக்காரி, எங்க தீவுல சாயாக்கடை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் மகன்கூட காவ்ஷியுங் பட்டணத்துக்குப் போயிட்டான். அறுபது டாலருக்கு மாசம் முழுக்க ஒருத்தர் எதிர்ல உக்காந்து பேசறாங்கன்னா, அது மலிவு."

"சரி அண்ணே. ஆனா நான் இந்த மேசையை விட்டுப் போறேன்" என்று எழுதினாள். அவருடைய கையில் நல்ல சீட்டு என்று தெரிந்தது. அவர் ஏற்றிக் கேட்டார், அவள் கவிழ்த்தாள்.

"எங்க போறே?" என்று கேட்டார்.

"வேற இடம். கட்டணம் குறைச்சல். நீங்களும் வாங்களேன்."

"புது நாற்காலி எனக்குச் சரிப்படாது. நீ போ. நல்லா ஆடுறவ நீ, போகத்தான் வேணும்."

போனாள். முதல் மாசம் புதுத் தளத்தில் எண்பது டாலர் மிஞ்சியது. அதுபோக, திரும்பி வந்த பங்கு நாற்பதுக்கு மேல். அவள் அந்தப் பணத்தில் கோசுவானுக்கு உள்ளே துணி வைத்துத் தைத்த மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "சுங்கமில்லாத கோட்டு" என்று சொல்லிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். படகில் எல்லோரிடமும் காட்டினானாம்.

ஆனாலும் காலை ஏழு மணி அவளுக்குச் சப்பென்று இருந்தது. புதுத் தளத்தில் யாரும் பேசுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பருந்துகள் சுற்றும். எத்தனை காற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை பழைய மேசைக்குப் போனாள். கொக்கு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சுங்கம் கட்ட வந்தியா?" என்று எழுதினார்.

"ஆமா அண்ணே. நோட்டுல இதுக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கேன். புதன்கிழமைச் செலவுன்னு."

அதன் பிறகு ஒவ்வொரு புதனும் போனாள். அங்கே கவனமாக ஆடவும் மாட்டாள், அவருக்காக விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். விட்டுக்கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், கோபித்துக்கொள்வார். ஒரு காலை நேரத்துக்கு மூன்று டாலர்போல ஆகும். எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுவாள். கோசுவான் ஒருமுறை, "குறைக்கணும்னு மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டு, இப்ப நீயே போய்க் கட்டுறியே" என்றான். "எதுக்குக் கட்டுறேன்னு தெரிஞ்சு கட்டுறேன்ய்யா" என்றாள். அவன் அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் பழைய தளம் ஓர் அறிவிப்புப் போட்டது. இந்த நாட்டு ஆட்டக்காரர்களுக்கு மாசக் கடைசியோடு சேவை இல்லை, அதற்குள் பணத்தை எடுத்துக்கொள்ளவும். மான்ரூ அன்று புதன்கிழமை இல்லாவிட்டாலும் ஓடிப் போனாள். கொக்கு அறிவிப்பைப் படித்திருக்கவில்லை. வந்த அறிவிப்பு எதையுமே அவர் படித்ததில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், வங்கிப் புத்தகத்தின் எண் எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினாள். மூன்று காலைகள் அதிலேயே போயின. கடைசியில் அவர் பணம் பத்திரமாகத் தீவு தபால் நிலையக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

"இனி என்ன அண்ணே செய்யப் போறீங்க?"

"டிவி இருக்கு."

"டிவி பதில் சொல்லுமா?"

மறுவாரம் புதுத் தளத்தில் அவள் மேசையில் ஒரு நாற்காலி நிரம்பியது. கொக்குப் படம் இன்னும் வைக்கவில்லை, வெறும் சாம்பல் வட்டம். கணக்குத் திறக்கும்போதே திரும்பும் பங்கைக் கேட்கச் சொல்லி அவள் நான்கு முறை சொல்லியிருந்தாள். கேட்டாரா என்று கேட்டதற்கு, "ஏதோ கட்டத்துல டிக் அடிச்சேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை அவள் உட்கார்ந்ததுமே அவர் பதற்றமாக எழுதினார்.

"என் கணக்குல யாரோ தப்பாப் பணம் போட்டிருக்காங்க. நாலு டாலர் பன்னெண்டு சென்ட். நான் ஜெயிச்சது இல்ல, நல்லாத் தெரியும். திருப்பிக் குடுக்கணுமா?"

மான்ரூ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுதினாள். "வேணாம் அண்ணே. அது உங்க காசுதான். உங்ககிட்ட எடுத்ததுல ஒரு துண்டு திரும்பி வருது. வாராவாரம் வரும்."

"வாராவாரமா?"

"வாராவாரம்."

"அப்ப பழைய இடத்துல எட்டு வருஷம்?"

"அங்க தரல, அண்ணே."

மேசையில் மற்ற நாலு பேரும் பேசாமல் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆட்டம் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது.

"நாளைக்கு இந்தப் பணத்துல ஒரு நல்ல மீனா வாங்கிச் சாப்பிடப் போறேன்" என்று எழுதினார். அடுத்த சீட்டு வந்ததும், வாழ்க்கையிலேயே முதல் முறையாக, எட்டிப் பார்க்காமல் கவிழ்த்தார்.