தொப்பி போட்ட வீடு

நான்கு பெண் மக்களுக்கு நான்கு வீடு கட்டிக் கொடுத்தவன் நான். கல்முனைப் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெண்ணைப் பெற்றவன் வீட்டைக் கட்டி அவள் பெயரில் எழுத வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். எல்லா வாப்பாமாரும் வீடு கட்டினேன் கட்டினேன் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் மேசனிடம் சொல்லிவிட்டுக் கடையில் போய் இருந்தவர்கள். நான் அத்திவாரத்தில் இருந்து முகடு வரைக்கும் வெயிலில் நின்றவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் கூரையைத் தாங்குகிற ஒரு கைமரத்தை விரலால் தட்டினால் உள்ளே உளுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

இதை எழுதக் காரணம் ஆத்திரம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஊரில் வீடு பார்க்க வருகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வான் ஒன்றை நிறைத்துக்கொண்டு வருவார்கள். தரையைப் பார்ப்பார்கள். குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். அலுமாரிக் கதவை இரண்டு தரம் திறந்து மூடுவார்கள். பிறகு கதிரையில் சாய்ந்து சீலிங்கை அண்ணாந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், வெள்ளையா இரிக்கி" என்பார்கள். அந்த வெள்ளைக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்ட ஒரு மனிதனை இந்த வயது வரைக்கும் நான் காணவில்லை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள வெளியை நான் கூரையின் வயிறு என்று சொல்வேன். வயிற்றுக்குள் காற்று ஓடாவிட்டால் மனிதன் என்ன பாடுபடுவான்? வீடும் அந்தப் பாடுதான் படும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டால், நெல்லிடம் இருந்து தெரியும். மீசை முளைக்கும் முன்பே நெல் அவிக்கிற கொட்டிலில் அடுப்புக்கு உமி தள்ளியவன் நான். அந்த ஆலையின் முதலாளி, மழைச் சாரல் அடிக்கிறது, காகம் வருகிறது என்று கொட்டிலின் முகட்டை இறுக்கி மூடி வைத்திருந்தார். அவியல் ஆவி மேலே போகும், வழியில்லாமல் தகரத்தில் முட்டும், தண்ணீராகி எங்கள் முதுகில் சொட்டும். ஒரு மாரி மழைக்குப் பிறகு கைமரங்கள் எல்லாம் புட்டு மாதிரி உதிர்ந்தன. அந்த ஆலையையே பிற்காலத்தில் நான் வாங்கினேன். வாங்கின கையோடு முகட்டைப் பிளந்து, அதற்கு மேலே காற்றுப் போக இடம் விட்டு ஒரு குட்டிக் கூரை வைத்தேன். இன்றைக்கும் அதில் ஒரு மரம் மாற்றவில்லை. நம்பாதவர்கள் வந்து தட்டிப் பார்க்கலாம்.

இவ்வளவும் தெரிந்தவனுடைய மூன்றாவது மகளின் வீட்டில்தான் அந்தக் கூத்து நடந்தது.

அந்த வீட்டுக்குக் கூரையை ஒட்டிய இரு பக்க முக்கோணக் கூர்ச்சுவரிலும் காற்றுப் போகத் துளையுள்ள பூக்கல் வைத்துத்தான் கொடுத்தேன். மருமகன் கந்தோரில் கோப்புப் பார்க்கிற உத்தியோகத்தர். குடிவந்த சில காலத்தில், புறா கூடு கட்டுகிறது, அறைக்குப் பூட்டிய ஏசியின் குளிர் நிற்கவில்லை என்று பூக்கல்லை எல்லாம் சீமெந்து வைத்து அடைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுத்த வீடு கொடுத்ததுதான். மாமனார் வாய் திறக்கக் கூடாது என்பதும் வழக்கம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதன் பிறகு குசினியில் சமையல் ஆவியை இழுக்க ஒரு காற்றாடி பூட்டினார். அதன் வாயை வெளியே விடாமல், குழாய் போட்டு நேரே கூரையின் வயிற்றுக்குள் விட்டிருந்தார்.

மாரி முடிந்து பனி விழுகிற காலத்தில் ஒரு நாள் காலை மருமகன் என்னைத் தேடி வந்தார்.

"மாமா, கூர ஒழுகுது."

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு முகில் இல்லை. "மழ எங்க மனே?"

"மழ இல்லதான். ஆனா ஒழுகுது. மேசனக் கொண்டு மேல ஒழுக்கு அடைக்கிற பசை பூசின. பூசின மறுகா இன்னும் கூடுதலா ஒழுகுது."

"பூசினதாலதான் கூடுதலா ஒழுகுது."

அவர் சிரித்தார். "நீங்க பகிடி விடுறீங்க."

போய்ப் பார்த்தால் சீலிங்கில் தேத்தண்ணிக் கறை மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. ஏணி வைத்து நானே ஏறினேன். மகள் கீழே நின்று, "வாப்பா, உங்கட வயசுக்கு இது தேவயா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். உள்ளே கையை வைத்தால் ஈரத்துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. சோற்று மணமும் மீன் ஆணத்தின் மணமும் அங்கேயே குந்தியிருந்தன. விடியக்காலைக் குளிரில் தகரம் வேர்த்து, ஆணிக்கு ஆணி துளி தொங்கியது. கடல் உப்புக்கு ஏற்கனவே கறள் பிடிக்கிற ஆணிகள். இந்த ஈரத்தில் தலையே இல்லாமல் போயிருந்தன. கைமரத்துக்குக் குறுக்கே அடித்த சலாகை கறுத்துவிட்டது. ஆவி போக மிச்சம் இருந்த இடுக்கையும் அந்தப் பசை அடைத்திருந்தது.

சீமெந்தை உடைத்துப் பூக்கல்லைத் திறந்தேன். புறா நுழையாதபடி கம்பிவலை அடித்தேன். காற்றாடியின் வாயைச் சுவரில் துளை போட்டு வெளியே திருப்பினேன். அத்தோடு ஒழுக்கு நின்றது. நன்றி சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லலாம் அல்லவா? மருமகன் இன்றைக்கும் வருகிறவர்கள் எல்லோரிடமும், "நல்ல பசை அது, கொஞ்சம் சுணங்கித்தான் வேல செய்யும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் காதுபடவே சொல்கிறார்.

அதனால்தான் கடைசி மகளின் வீட்டில் நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கூரை இறங்கி முடிகிற இறவாரத்தின் அடியில், நான்கு பக்கமும், வலை அடித்த இடைவெளி விட்டேன். காற்று கீழே நுழைய வேண்டும், மேலே போக வேண்டும். ஒரு வாசலை மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். உச்சியில் ஆலைக்கு வைத்த அதே குட்டிக் கூரை, ஆனால் அழகாக, சிவப்பு நிறத் தகரத்தில் வைத்தேன். மரவேலை செய்கிற ஓடாவியார் சொன்னபடி அதை வைக்கவில்லை; நான் சொன்னபடிதான் ஓடாவியார் வைத்தார். கச்சான் காற்று அனல் அடிக்கிற மாதத்தில் உச்சி வெயிலில் அந்த மண்டபத்தில் இருந்து பார்த்தேன். அடுத்த வளவில் மனிதர்கள் விசிறிக்குக் கீழே கிடந்து வேர்த்தார்கள். நான் விசிறி இல்லாமல் ஒரு கோழித்தூக்கம் போட்டு எழும்பினேன்.

அந்த மாதத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். கலியாணம் பேசி முடித்து, நாள் குறிக்கிறது மட்டும்தான் பாக்கி. முன்னுக்கு வந்தவர் மாப்பிள்ளையின் பெரியவாப்பா, அதாவது வாப்பாவின் மூத்த சகோதரர், மருதமுனையில் புடவைக் கடை வைத்திருப்பவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்குள்ளே வராமல் ரோட்டில் நின்றே மேலே பார்த்தார்.

"என்ன ஹாஜியார், ஊட்டுக்கும் தொப்பி போட்டிரிக்கீங்க? தொழப் போகுதா?"

வந்த பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் சிரிப்புக்குச் சிரிப்பது மரியாதை.

சாப்பிட்டு, இனிப்புக்கு வட்டிலப்பமும் தின்று முடித்த பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார். "ஊடு நல்ல ஊடு. அதுல கத இல்ல. அந்தத் தொப்பியக் கழட்டிப் போட்டு, முன்னுக்கு உசத்தி ஒரு சுவர் எழுப்பி, பெட்டி அடிச்ச மாதிரி முகப்ப எடுங்க. இப்ப எல்லாரும் அப்பிடித்தான். கூர வெளிய தெரியப்படா. இது அரிசி மில்லு மாதிரி இரிக்கி."

"மில்லுலதான் நான் உழச்ச," என்றேன்.

"அது ஓம். அதுக்காக எங்கட புள்ள மில்லுக்கயா குடியிருக்கிற?"

"மச்சான், தொப்பியக் கழட்டினா சூடு எங்கால போற?"

"ஏசி பூட்டினாப் போச்சு."

"ஏசி அறைக்குப் பூட்டுற. கூரைக்கு யாரு பூட்டுற? நீங்க புடவைய விரிச்சுக் காட்டி விக்கிற ஆள். மேல் பக்கம் பளபளன்னு இருந்தாப் போதும் உங்களுக்கு. உள் தையல் பிஞ்சா உடுக்கிறவந்தானே வெட்கப்படுற."

அவருடைய முகம் இறுகிவிட்டது. "முகப்பு சரிவந்த மறுகா நாள் குறிப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வான் போய்விட்டது. நாள் குறிக்கவில்லை.

என் மனைவி கை கழுவின கிண்ணத்தை மேசையில் வைத்த சத்தத்திலேயே விஷயம் விளங்கியது.

"ஒரு ஓட்டைக்காக என்ட புள்ளட கலியாணத்த ஒடைக்கப் போறீங்களா?"

"அது ஓட்டை இல்ல. காத்து வழி."

"ஓம், காத்து வழி. அந்த வழியாலதான் மாப்பிள்ள போறாரு. ரோட்டால போற ஆக்கள் எல்லாம் என்ன கதைப்பாங்க? பேசி முடிச்ச கலியாணம் நிண்டு போச்சு, புள்ளைல என்ன குறையோ எண்டுதான் கதைப்பாங்க. கூரையில குறை எண்டு ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க."

அவள் சொன்னது சரி. ஊர் அப்படித்தான். கூரைக்கு நியாயம் பேசப் போனால் பழி பிள்ளையின் தலையில் வந்து விழும். அந்த நினைப்பில்தான் எனக்கு இரத்தம் கொதித்தது. யார் குடியிருக்கிற வீடு? யார் வேர்க்கப் போவது? ரோட்டில் போகிறவனுடைய கண்ணுக்காக என் மகள் காலமெல்லாம் அடுப்புக்குக் கீழே படுக்க வேண்டுமா? இருந்தாலும் ஓடாவியாருக்கு ஆள் அனுப்பினேன். கழற்றுவதென்றால் என் கண் முன்னால் கழற்றட்டும் என்று முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

ஓடாவியார் ஏணியைச் சாத்துகிற நேரம் மகள் வெளியே வந்தாள். சின்னதில் இருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்காத பிள்ளை.

"வாப்பா, இந்த ஊடு யாருட பேருல எழுதின?"

"உன்ட பேருலதான்."

"அப்ப கழட்டச் சொல்லி என்னட்ட யாரும் கேட்டாங்களா?"

நான் கதிரையில் இருந்து எழும்பினேன்.

"இஞ்ச இருக்கப் போறது நானும் அவரும். பெரியவாப்பாட புடவைக் கடையா இஞ்ச வரப் போகுது? ராத்தாட ஊட்டுச் சீலிங்குல பட்ட கறைய நானும் பார்த்தன். ஓடாவியார், ஏணிய எடுங்க. நான் அவருட்டயே கேக்கப் போறன்."

அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கலியாணத்துக்கு முன் பெண் பிள்ளை மாப்பிள்ளையோடு கதைப்பதா என்று சத்தம் போட வேண்டியவன் நான். அன்றைக்கு எனக்குக் காது கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மாப்பிள்ளை வந்தார். தனியே வரவில்லை, பெரியவாப்பாவையும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டார் நாட்டில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். அதிகம் கதைக்காத ஆள். சலாம் சொன்னார், ஏணி எங்கே என்று கேட்டார், சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுச் சீலிங்கில் உள்ள மூடியைத் திறந்து மேலே ஏறிப் போய்விட்டார். உச்சி வெயில். நானும் பெரியவாப்பாவும் கீழே ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"மயங்கிக் கியங்கிப் போய்த்தானோ," என்றார் அவர்.

"என்ட கூரைக்குள்ள யாரும் மயங்க மாட்டாங்க," என்றேன்.

மாப்பிள்ளை இறங்கினார். நெற்றியில் தூசி இருந்தது, கொஞ்சம் வேர்வையும் இருந்தது. இருந்ததை இருந்தபடி சொல்ல வேண்டும்.

"பெரியவாப்பா, கட்டார்ல நாங்க தகரப் பெட்டிக்குள்ள படுத்த. ஆறு பேரு. ஏசி நிண்டா அது பெட்டியில்ல, ரொட்டி சுடுற போறணை. வெளிய ஓடி வந்து மண்ணுல படுப்பம். அப்ப நான் ஒண்டுதான் நினைக்கிற, ஊருக்குப் போனா காத்து வாற ஊட்டுல படுக்கணும் எண்டு. இதுக்குள்ள காத்து ஓடுது. நான் கையால பார்த்தன். இதக் கழட்டப்படா."

"ஊரு சிரிக்கும் மனே."

"சிரிக்கட்டும். சிரிக்கிற ஆள் இஞ்ச வந்து படுக்கப் போறல்லதானே."

பெரியவாப்பா கதிரையில் குந்தினார். இத்தனை வருடம் மாப்பிள்ளை அங்கே எப்படிப் படுத்தார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை போல. பிறகு, தோற்றது தெரியாமல் தோற்க ஒரு வழி தேடி, "சரி, தொப்பி இருக்கட்டும். முன் சுவரையாவது உசத்தி எடுங்க. ரோட்டுக்குத் தெரியாம இருந்தாச் சரி" என்றார்.

நான் பாய்வதற்கு முன் உள்ளே இருந்து மகளின் குரல் வந்தது. "சுவர் எழும்பட்டும் வாப்பா. கீழ காத்துப் போற இடத்த மட்டும் அடைக்கப்படா."

அவளுடைய வீடு. அவள் சொன்னால் முடிந்தது. அன்றைக்கே நாள் குறித்தார்கள். என் மனைவி அழுதாள், சிரித்தாள், எனக்கு இரண்டாவது தரம் வட்டிலப்பம் வைத்தாள்.

சுவரை எழுப்பினேன். கீழே வரிசையாகப் பூக்கல் வைத்து, காற்று நுழையும்படிதான் எழுப்பினேன். கலியாணம் சிறப்பாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் அந்த வீட்டில் பகல் வெயிலிலும் நிம்மதியாக இருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம், "என்ன குளிர்மையான ஊடு, என்ன ஏசி பூட்டின?" என்று கேட்கிறார்கள். பெரியவாப்பா விருந்துக்கு வந்தால் நான் வழக்கமாகப் படுக்கிற இடத்திலேயே தலையணையைப் போட்டு, பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் குறட்டை விடுகிறார். எழும்பி, "முன் சுவர் உசந்ததாலதான் வெயில் அடிக்கல்ல" என்கிறார்.

இந்த ஊரில் நான் வைத்த கூரைகளிலேயே ஆகத் திறமானது அது. ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். பக்கத்து வளவில் நின்றாலும் தெரியாது. பள்ளிவாசலின் மேல்மாடியில், தெற்குப் பக்க யன்னலோரமாக நின்றால் மட்டும் அந்தச் சிவப்புத் தொப்பி தெரியும். தொழுகை முடிந்து, புதிதாக வீடு கட்டுகிற ஆள் யாராவது அகப்பட்டால், கையைப் பிடித்து அந்தப் படியால் ஏற்றிக்கொண்டு போகிறேன். முழங்கால் நோகிறது. நோகட்டும்.