செவலைக்கு வைத்த கூழ்

மேட்டூர் அணை கட்டி முடித்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். மேச்சேரிக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் எங்களுக்கு எழுபது எண்பது ஆடுகள் இருந்தன. பட்டிக்குக் காவல் ஒரு செந்நிற நாய். செவலை என்று கூப்பிடுவோம். அது இருந்தவரைக்கும் குள்ளநரி எங்கள் பட்டிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

ஒரு நாள் காலை நான் பட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது செவலை திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கால்கள் நான்கும் விறைத்து உதைத்துக்கொள்கின்றன, வாயில் நுரை தள்ளுகிறது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் தடியோடு ஓடி வந்துவிட்டார்கள்.

"வெறி புடிச்சிருச்சுங்க அம்மிணி, தள்ளி நில்லுங்க. ஒரே போடு போட்டர்றோம்" என்றார் ஒருவர்.

என் வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்து தடுத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானே எழுந்து, தொட்டித் தண்ணீரை மடமடவென்று குடித்தது. வெறிநாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பார்கள் இல்லையா, அதனால் தடிகள் கீழே இறங்கின. அதற்குள் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "இது காக்கா வலிப்புங்க. நெத்தியில சூடு போட்டாச் சரியாப் போயிரும்" என்று அரிவாளைக் காய்ச்சவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "மொதல்ல உங்க நெத்தியில போட்டுக் காட்டுங்க, அப்பறம் பாக்கலாம்" என்று கேட்டுவிட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அடுத்த வாரமும் இரண்டு முறை வலிப்பு வந்தது. வண்டி கட்டிக்கொண்டு சேலத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். நாய்க்கு வண்டி கட்டுகிறார்கள் என்று ஊரே சிரித்தது. டாக்டர் இரண்டு மருந்து சொன்னார். ஒன்று சீமை மாத்திரை. நன்றாகக் கேட்கும், ஆனால் நடுவில் திடீரென்று நின்றுபோனால் வலிப்பு விடாமல் வந்து உயிரையே கொண்டுபோய்விடும். மற்றது உப்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொடி. தண்ணீரில் கரைத்துக் காலையும் மாலையும் ஊற்றவேண்டும். எங்கள் ஊருக்கு மாத்திரை தவறாமல் வந்து சேருமா என்று பயந்து, பொடியே போதும் என்றேன். நாய் என்ன தின்கிறது என்று விசாரித்தார். "நாங்க குடிக்கற கம்மங்கூழுதானுங்க" என்றேன்.

"சரி. எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். மருந்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஒரு வலிப்பு இல்லை. அரிவாள் காய்ச்சியவர் எதிரே வந்தால் வேண்டுமென்றே செவலையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அத்தனை பெருமை.

பிறகு மாரியம்மன் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, வந்தது. என் வீட்டுக்காரர் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் உப்பு சேர்க்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் முறை. அவர் ஒருவர் அப்படி இருந்தால் போதும். ஆனால் நான் எதிலும் ஒரு படி மேலே போகிறவள். உப்புச் சாடியைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். தீமிதி வரைக்கும் பதினைந்து நாளும் வீட்டில் யாருக்கும் உப்பு கிடையாது. செவலை எங்காவது கருவாட்டைத் தின்றுவிட்டு வந்து வீட்டைத் தீட்டாக்கிவிடப் போகிறதே என்று அதையும் கட்டிப்போட்டு, அதே உப்பில்லாக் கூழை ஊற்றினேன்.

எட்டாம் நாள் அதன் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. கள் குடித்தவன் போலத் தள்ளாடியது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. நோய் முற்றுகிறது, மருந்து போதவில்லை என்று நானே தீர்மானித்துப் பொடியை இரண்டு மடங்காக்கினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. என் குரலைக் கேட்டு வால் நுனி மட்டும் அசைந்தது.

வீட்டுக்காரர் எல்லை தாண்ட முடியாது. வண்டி ஓட்டி வந்தவர் யார் என்கிறீர்கள்? அந்த அரிவாள் வைத்தியரேதான். வழி நெடுக ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் செவலையின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுல என்ன மாத்துனீங்க?" என்றார்.

"ஒண்ணும் மாத்தலீங்க. அதே கூழுதானுங்க. நோம்பிங்கறதால உப்பு மட்டும் போடறதில்லீங்க. மருந்துகூட ரெண்டு பங்கா ஊத்தறனுங்க."

அவர் என்னையே வெறித்துப் பார்த்தார். "ஏம்மா, உப்பு உள்ள போனாத்தான் அந்த மருந்து ஒழுங்கா வெளியே போகும். உப்பை நிறுத்திட்டா மருந்து உடம்புலயே தங்கி விஷமாயிடும். இதுல ரெண்டு மடங்கு வேற குடுத்தீங்களா?"

அதைக் கொன்றுகொண்டிருந்தது நோய் இல்லை, நான்.

அவர் உப்பு நீரை ஊசி வழியாக ஏற்றினார். மருந்தை அடியோடு நிறுத்தி, வீட்டில் உப்புக் கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். இரண்டு நாளில் தலை தூக்கினால் பிழைக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தபடி நின்றேன். கை போகவில்லை. தீமிதிக்கு இன்னும் மூன்று நாள்தான். நான் உப்பை எடுத்து, அங்கே அவர் கால் வெந்துவிட்டால்? எடுக்காவிட்டால் இது செத்துப்போகும். விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர் ஏணியைச் சாத்தி ஏறிச் சாடியை இறக்கினார்.

"ஏனுங்க, நீங்க தொடலாமுங்களா?" என்று அலறிவிட்டேன்.

"காப்புக் கட்டுனது நானு. அதுக்கு ஆரு கட்டியுட்டாங்க?" என்று சாடியை என் கையில் வைத்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் செவலை தலையைத் தூக்கியது. மறுநாள் அவர் தீக்குண்டம் இறங்கினார். எல்லோரும் அம்மனைப் பார்க்க, நான் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொப்புளம் இல்லை. நாய் எழுந்து நடக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. டாக்டர் பொடியின் அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார். எப்போதாவது ஒரு வலிப்போடு, அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் பட்டியைக் காத்தது.

அரிவாள் சூட்டிலிருந்து அதைக் காப்பாற்றிய நானே, பக்தி என்றும் பாசம் என்றும் நினைத்து வேளை தவறாமல் விஷம் ஊட்டியிருக்கிறேன். அத்தனை நாளும் அது நான் வைத்ததை ஒரு தடவைகூட முகர்ந்து பார்க்காமல் குடித்ததே, அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.