காலி அறையில் எழுதிய விதிகள்

நடந்தவை:

1. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில், உலர்த்தும் அறையை இயக்கும் கணினி நிரலுக்கு நான் கட்டுப்பாடு போட்டேன்.
2. அடுத்த எடுப்பில் பறித்து வந்த காய் முழுவதும் பச்சை போய்ப் பழுப்பேறியது.
3. அறையைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்க்காரர், தூங்கிவிட்டார் என்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

முதலாளி போடியில் இருந்தபடியே போனில் சூட்டைப் பார்ப்பதற்காகக் கணினியை இணையத்தில் இணைத்திருந்தோம். வெளியாள் யாராவது உள்ளே புகுந்தாலும் சேதம் அந்த நிரலோடு நிற்க வேண்டும். அதற்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. நிரல் எதையெல்லாம் தொடலாம் என்று பட்டியல் எழுதுவோம். பட்டியலில் இல்லாததை, முழு அதிகாரத்தோடு ஓடும் நிரல் கேட்டாலும் இயங்குதளம் தராது.

பட்டியலை ஊகித்து எழுதுவதில்லை. சில நாள் நிரலைத் தடுக்காமல் ஓடவிட்டு, அது தொடுவதையெல்லாம் குறித்துக்கொள்வோம். பிறகு அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்குவோம். நான் குறித்த ஐந்து நாளும் இரண்டு எடுப்புகளுக்கு இடைப்பட்டவை. அறையில் காய் இல்லை, ஈரமும் இல்லை. ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறியை நிரல் ஒருமுறைகூடத் தொடவில்லை. அதனால் விசிறி என் பட்டியலில் இல்லை.

காய் பழுப்பேறிய மறுநாள் காலை ஜீப்பில் போனேன். ஸ்டோர்க்காரர் பையோடு வாசலில் நின்றார். முன்பெல்லாம் காய் வேர்க்கும் வாசம் வந்ததும் விசிறியை அவரே போடுவார். இனி நிரலே போட்டுக்கொள்ளும், சுவிட்சைத் தொட வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"வாசம் வந்துச்சு ஆத்தா. சுவிட்சு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். நீ தொடக்கூடாதுன்னுட்டயில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கணினியின் பதிவேட்டைத் திறந்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு வரி: விசிறி கேட்கப்பட்டது, மறுக்கப்பட்டது. வேறு யாருடைய கணினியையோ பார்ப்பதுபோல் கடைசிவரை படித்தேன். என்ன ஆயிற்று என்று காய் பொறுக்கும் அக்கா கேட்டார். சொன்னேன்.

"அப்ப ரேசன் கார்டுல விசிறி பேரு விட்டுப்போச்சாக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

அந்தப் பதிவேட்டை முதலாளியிடம் காட்டி, தவறு என்னுடையது, ஸ்டோர்க்காரர் தூங்கவில்லை என்றேன். நிதானமாகப் பார்த்தார்.

"சரிம்மா. வாசம் வந்தா போட வேண்டியதுதான? இருபது வருசமா போட்டவருதான" என்றார். தொடாதே என்று நான் சொன்னதை மறுபடி சொன்னேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். அடுத்த எடுப்பு பச்சையாகவே உலர்ந்தது. விசிறியைக் கையாலும் போடலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பழைய ஆளைத் திரும்ப எடுக்கச் சொல்லி முதலாளியிடம் இன்னும் இரண்டு முறை பேசிவிட்டேன். ஸ்டோரில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். பழைய ஸ்டோர்க்காரர் சிலமலைப் பக்கம் காட்டுவேலைக்குப் போகிறார்.