ஆயுத பூஜையில் அடைபட்ட ஓட்டை

எங்கள் தொழிலில் நல்ல நாள் என்பது, யாரும் நம்மைக் கூப்பிடாத நாள். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏழெட்டு சின்னக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. அடுத்தவர் சர்வருக்காக நம் உடம்பில் ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொண்ட சக பாவிகளே, போன ஆயுத பூஜைக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். உங்கள் கஷ்டம் தேவலை என்று தோன்றும்.

சாம்பாரில் பல்லி

சர்வரில் ஓடும் பத்துப் பதினைந்து புரோகிராம்களும் ஆளுக்கொன்றாகச் சமைக்காமல், பொதுவாக ஒரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதை லைப்ரரி என்போம். பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அண்டா சாம்பார் போகிற மாதிரி. அண்டாவில் பல்லி விழுந்தால் மொத்தப் பந்தியும் காலி. அப்படி ஒரு லைப்ரரியில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வெளியாள் உள்ளே வரலாம் என்று ஒரு காலையில் செய்தி வந்தது.

உடனே பல்சக்கரம் வெட்டும் பட்டறை முதலாளி தணிகாசலத்துக்குப் போன் போட்டேன். அவருடைய சர்வரில்தான் கார் கம்பெனி ஒன்று அனுப்பும் வரைபடங்கள் எல்லாம் இருக்கின்றன. பூஜை முடிந்த சனிக்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து சோதிக்க ஆள் வருகிறார். ஓட்டை தெரிந்தால் வரைபடம் வராது, வரைபடம் வராவிட்டால் நாற்பது பேருக்கு வேலை இல்லை. அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இன்னாம்மா நீ, கேட்டாண்ட வாட்ச்மேன் கீறான், பின்னால நாய் கீது. அத்த தாண்டி எவன் வருவான்?"

போன மச்சான் திரும்பி வந்தான்

மற்ற வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸப்பில் நாலே வரியில் ஓர் எச்சரிக்கை அனுப்பினேன். அவர்களில் செம்பரம்பாக்கம் குடோன் மேனேஜர் அதைத் தன் குடும்பக் குழுவில் போட்டார். அவர்கள் இன்னொரு குழுவில் போட்டார்கள். சாயங்காலம் அது ஆவடியில் இருக்கும் என் நாத்தனார் வழியாக என்னிடமே திரும்பி வந்தது. இப்போது அது நாற்பது வரி. போனை அரிசி டப்பாவில் வைக்கவும், ஐந்து பேருக்கு அனுப்பவும் என்றெல்லாம் இருந்தது. கூடவே நாத்தனாரின் குரல் செய்தி: "இன்னா அண்ணி, கம்ப்யூட்டர் வேலைல கீறன்னுதான் பேரு, இது கூடவா உனுக்கு தெரில?"

கை கழுவாத பந்தி

தணிகாசலத்தை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, அவர் பட்டறையில் புது லைப்ரரியைப் போட்டேன். "ஓட்டை அடைக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டுக் கடிதமும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் புது சாம்பார் வைத்தேனே தவிர, பந்தியில் இருந்தவர்கள் இலையில் ஊற்றிய பழையதையே பிசைந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாரும் எழுந்து கை கழுவிவிட்டு மறுபடி உட்கார வேண்டும். அதாவது, சர்வரை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும். என் கடிதம் முழுப் பொய். இருபது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிற என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ஓடினேன். மூன்று ஷிப்ட் ஓடும் பட்டறை. சர்வரைக் கடைசியாக நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. சூப்பர்வைசர் மாரி கையெடுத்துக் கும்பிட்டார்: "அது நின்னா அல்லா மிசினும் நின்னுடும் மேடம். ஆயுத பூஜ அன்னிக்குத்தான் ஷாப்பு லீவு, அப்ப வந்து இன்னா வேணா பண்ணிக்க."

சந்தனம் பூசிய சர்வர்

பூஜையன்று போனால் சர்வருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, தலையில் ஓர் எலுமிச்சம்பழம். பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்று தணிகாசலம் குறுக்கே கை நீட்டி நின்றார். வருஷத்தில் சும்மா இருக்கும் ஒரே நாளில் அதைத் தொடக்கூடாதாம்! கடிதத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, கை மட்டும் இறங்கவில்லை.

கோபத்தில் கத்தியேவிட்டேன். "எல்லா மிஷினையும் நிறுத்திப் பூஜை பண்றீங்க. இது மட்டும் உள்ள ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க, பச்சை லைட் எரியுது. இது என்ன பூஜை சார்?" அவர் குனிந்து பார்த்தார். பச்சை விளக்கு கண்ணடித்தது. மனிதர் பதறிப்போய், கற்பூரம் ஏற்றுவதற்குள் நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தினேன். மாரி மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "பாவம் மேடம், நாலு வருசமா இத்துக்கு மட்டும் யாரும் லீவு வுடல."

நல்ல நேரம்

விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்துத் தணிகாசலமே பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பு. நாலு வருஷம் ஓடிய இயந்திரம் நிறுத்தினால் எழுந்திருக்காமலே போவதுண்டு. நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். சாமி கும்பிடாத நான் அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அரைமணி நேரம் தன் ஹார்டு டிஸ்க்குகளைச் சாவகாசமாகத் துழாவிவிட்டு சர்வர் எழுந்தது. உட்கார்ந்து சோதித்தேன். புது சாம்பார்.

சனிக்கிழமை வந்த சோதனைக்காரருக்கு ஓட்டை கிடைக்கவில்லை. கடைசியாக, சர்வரை எப்போதெல்லாம் நிறுத்திப் போடுவீர்கள் என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "வருசத்துக்கு ஒரு தபா சார், ராகு காலம் இல்லாம."

அதையும் சோதனைக்காரர் ஒழுங்காகப் படிவத்தில் எழுதிக்கொண்டு போனார். நானும் அன்றிலிருந்து பையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன்.