புகுந்த வீட்டில் அடைத்த மூச்சு

எட்டாவதோடு நின்றவள் நான். இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளே என்று படிப்பவர்கள் நினைத்தால் அது நியாயம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் மலைமேல், ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே போன சில மாதங்களிலேயே அது ஆரம்பித்தது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். திடீரென்று தொண்டை மூடிக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாலும் காற்று உள்ளே போகாது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கோழியை நெரிப்பது போலச் சத்தம் போடுவேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே திறந்துவிடும். அதற்குள் வீடே விழித்திருக்கும்.

பேய் அமுக்குகிறது என்றார் மாமியார். வெறும் வயிற்றோடு படுப்பவளைத்தான் அது அமுக்குமாம். அதனால் பாய் விரித்த பிறகு பெரிய சாமைக் களி உருண்டையையும் கெட்டியான புளிச்சாற்றையும் என் முன்னால் வைப்பார். மிச்சமில்லாமல் விழுங்கிவிட்டு உடனே படுக்க வேண்டும். மூச்சடைப்பு அதிகமானது. உருண்டையும் பெரிதானது.

அண்ணன் வீட்டில் பொழுது சாயும்போதே சாப்பாடு முடிந்துவிடும். அங்கே போய்த் தங்கினால் ஒரு நாள்கூட வராது. வெகு காலம் கழித்துத் திருப்பத்தூரில் ஒரு டாக்டர், "வயிறு முட்டப் புளிப்பா தின்னுட்டு ஒடனே படுத்தா, அது மேல ஏறி வந்து தொண்டையை அடைக்கும்மா" என்று சாதாரணமாகச் சொன்னார். இவ்வளவுதானா என்று பஸ்ஸில் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கட்டிக் கொடுத்த அந்தக் காலத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. நான் நடிக்கிறேன் என்று மாமியார் முறையிட, ஊர்ப் பஞ்சாயத்து பேசும் ஊர்க்கவுண்டர் முன்னால் எங்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள். அவர் முன்னால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால், எங்கள் மலையில் உறவு அறுந்ததாக அர்த்தம்.

"அண்ணன் வூட்ல வராத பேய் என் வூட்டுக்கு மட்டும் எப்டி வருது? வழி தெரிஞ்ச பேயா?" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள்.

"பொழைக்க இஷ்டமில்லாதவ போடுற வேசங்க இது" என்றார் என் கணவர்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

எனக்கு அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். கணவர்மேல் ஆசையாகத்தான் இருந்தேன். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணன்தான் எழுந்து ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சொன்னார். "அவளுக்கு நடிக்கத் தெரிஞ்சிருந்தா இங்க நாலு வார்த்தை பேசியிருப்பாளே, மாமா!"

கணவர் துரும்பைக் கிள்ளிப் போட்டார். என் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணனோடு அவர் கொல்லைக் காட்டுக்குப் போய்க் கேழ்வரகுக்குக் களை எடுத்தேன். மத்தியானம் மழை வந்தது.