கர்னலம்மாவும் சிவப்பு நட்டுகளும்

ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேராக வந்து சொல்லட்டும். மாடிவீட்டுக்காரி நேற்றுகூடத் தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடச் சொன்னாள்: "ஒரு மனுஷன் கையை உடைச்சுட்டு, அந்த ராட்சச வண்டியைக் கிளப்பிக்கிட்டு ஓடிட்டா. பெத்தவ வாயைத் திறக்க மாட்டேங்குறா."

இதோ திறந்துவிட்டேன், நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதிக்கொள்கிறாள். திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. அது மாடிவீட்டுக்காரிக்கும் தெரியும். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓடுகிறவள், பெயிண்ட் காயட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்திருப்பாளா?

என் மகள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். தெருவில் அவளுக்குப் பெயர் கர்னலம்மா. பட்டாளத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய பட்டாள லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினாளே, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. நிறுத்தினாள் என்பதுகூடத் தப்பு. இன்னொரு லாரி அதைச் சங்கிலி போட்டு இழுத்துவந்து, உள்ளே தள்ளிவிட்டுப் போனது. கண்ணாடி இல்லை. காலுக்குக் கீழே தகரம் இல்லை. சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"எதுக்குடி இந்தத் தலைவலி?" என்றேன்.

"அம்மா, மலைமேல ஒரு ஆஸ்பத்திரி இருக்குல்ல, அதுக்கு நம்ம ஆம்புலன்ஸ் பாதி வழிதான் போகுது. மிச்ச வழிக்கு நோயாளியைக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வராங்க. இந்த மாதிரி வண்டின்னா மேல வரைக்கும் ஏறும்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான்."

பிறகு அந்த மலை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே கேட்டாள். வண்டி ஓடட்டும், வண்டியோடு வந்துவிடு, வேலை உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு என் மகளைப் பிடிக்க முடியவில்லை. டியூட்டி முடிந்து வந்தால் காக்கிச் சட்டையைக் கழற்றுவாள், அழுக்குச் சட்டையை மாட்டுவாள், வண்டிக்கு அடியில் போய்விடுவாள். கல்யாணப் பேச்சு எடுக்க வந்த உறவுக்காரர்கள் அவளுடைய இரண்டு பாதங்களைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அதற்குள் எண்ணெயும் டீசலும் ஊற்றி ஊறவைத்து, தினமும் கம்பியைப் போட்டு ஒரு அசை அசைப்பாள். டேங்கில் பிடித்த துருவை எடுக்க, கூழாங்கல்லை உள்ளே போட்டுக் குலுக்கினாள். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. என் பெரிய அண்டாவைக் கேட்காமல் எடுத்துப்போய், அதில் மண்ணெண்ணெய் விட்டுச் சாமான்களை ஊறப்போட்டாள். அந்த அண்டாவில் இன்றைக்கும் தண்ணீர் பிடிக்க முடியாது. அதற்காக நான் அவளைத் திட்டிய திட்டு கொஞ்சமா? ஆனால் ஒரு நாள் அந்த எஞ்சின் இருமி, கனைத்து, கரும்புகை கக்கிக்கொண்டு எழுந்ததே, அப்போது கரண்டியோடு ஓடிவந்து முதலில் கைதட்டியது நான்தான்.

என் மகன் மட்டும் கைதட்டவில்லை. அவன் துணிக்கடையில் இருக்கிறான். கலர் பொருத்தம் பார்த்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. சட்டைக்கும் பொத்தானுக்கும் ஒரு சாயல் மாறினாலும் அவனுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. "வீட்டு வாசல்ல இரும்புக் கடை வச்சிருக்கா," என்று தங்கையைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

இப்போது சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வண்டிச் சக்கரம் ஒரே துண்டு இல்லை. இரண்டு தட்டை முகத்தோடு முகம் சேர்த்து வைத்த மாதிரி இரண்டு பாதி. நடுவில் இருக்கிற நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும். அதைச் சுற்றி வெளிவட்டத்தில் இருக்கிற நட்டுகள் இரண்டு பாதியையும் ஒன்றோடு ஒன்று பிடிக்கும். காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் கைவைத்தால் தட்டு இரண்டும் வெடித்துப் பிரியும். ஆள் காலி. அதனால்தான் பட்டாளத்தில் வெளிவட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடித்து வைப்பார்களாம். என் மகளும் வண்டி முழுக்கப் பச்சை அடித்துவிட்டு, அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு வைத்தாள்.

என் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவள் அப்பாவை, அதுதான் என் மகனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. எழுதடி. அவனே வாய்விட்டு ஒப்புக்கொண்டதைத்தான் நான் சொல்கிறேன்.

மலைக்குக் கிளம்ப நாள் பார்த்துவிட்டோம். ஒரு டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. என் மகள் டியூட்டியில் இருந்தபடியே பஞ்சர் கடைக்காரருக்குப் போன் செய்தாள். "அண்ணே, சக்கரத்தைக் கழட்டி வச்சிடுங்க, நான் வந்து மிச்சத்தைப் பாத்துக்கறேன். சிவப்பு நட்டை மட்டும் தொடாதீங்க. மத்தது எதை வேணும்னாலும் கழட்டுங்க."

அவர் வந்து குந்திப் பார்த்தார். சிவப்பே இல்லை. எல்லாம் பச்சை. இந்தச் சக்கரத்தில் அந்த மாதிரி நட்டு இல்லைபோல என்று நினைத்து, கைக்கு வாகாக இருந்த வெளிவட்டத்தில் ஸ்பானரைப் போட்டார். அடுப்படியில் இருந்த எனக்கு வீடே இடிந்த மாதிரி சத்தம். நல்லவேளை, அவர் நேரே முன்னால் உட்காரவில்லை, பக்கவாட்டில் இருந்தார். பாதித் தட்டு அவர் கையை முறித்துக்கொண்டு போய் மதிலில் மோதியது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவள் என் மகளேதான். இறங்கினாள், அவரைத் தூக்கிப் படுக்கவைத்தாள், கையைப் பலகை வைத்துக் கட்டினாள். ஏறுவதற்கு முன் ஒரே ஒரு தடவை குனிந்து, நட்டை நகத்தால் சுரண்டினாள். பச்சைக்கு அடியில் சிவப்பு. நிமிர்ந்து அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் பச்சை.

அவளுக்குத் தெரியாமல் ஒரு கை உதவி செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தானாம். பச்சை வண்டியில் சிவப்புப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி இருந்ததாம். உறுத்தியதை எல்லாம் ஒரே நிறமாக்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பும்போது தெருவே திரண்டு நின்றது. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? வெட்டி எடைக்குப் போடு!" என்று ஒரே கூச்சல். அவள் சொன்னது இவ்வளவுதான்: "என் வண்டி. என் பொறுப்பு. அடிபட்ட மனுஷன் சொல்லட்டும். அவர் போகலாம்னு சொன்னா வண்டி போகும். வேணாம்னா நானே வெட்டிப் போடறேன்."

உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உங்கண்ணன்தான் பச்சை அடிச்சான்னு சொல்லித் தொலையேன்டி!"

"அவனே சொல்லட்டும்மா. நான் சொன்னா அது கோள். இத்தனை நாள் வண்டியைத் திட்டினவன், முதல் தடவையா பிரஷ் எடுத்திருக்கான். நீயும் சொல்லக் கூடாது." என் தலையில் என் கையையே எடுத்து வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன். ஆனால் என் மகனுக்குச் சோறு போட்டேனே தவிர, பேச்சுப் போடவில்லை. தட்டை வைப்பேன், திரும்பி உட்கார்ந்துகொள்வேன். "இன்னும் கொஞ்சம் குழம்பு," என்பான். காது கேட்காது எனக்கு.

வெடித்த சக்கரத்துக்குப் பதில் மாற்றுச் சக்கரத்தைக் கர்னலம்மாவே மாட்டிவிட்டாள். பிறகு தினமும் டியூட்டி முடிந்ததும் பஞ்சர் கடைக்குப் போய்விடுவாள். கட்டுப்போட்ட கையோடு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார். இவள் டயரைக் கழற்றுவாள், ஒட்டுவாள், காற்றடிப்பாள். அதையும் மாடிவீட்டுக்காரி வேறு மாதிரி பேசினாள். அந்த மனுஷனின் மனைவி ஒரு நாள் குழாயடியிலேயே, "அவ என் கடையில உழைக்கறா, உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டபிறகுதான் அடங்கினாள்.

ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. என் மகளே ஒரு நாள் கேட்டுவிட்டாள். "அண்ணே, வண்டி போகலாமா?"

அவர் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாராம். "கையை மன்னிச்சுட்டேன் கண்ணு. சிவப்பு இருக்கும்னு சொன்னியே, அந்தப் பேச்சைத்தான் மன்னிக்க முடியல. உன் பேச்சை நம்பி எப்படி நான் போகச் சொல்றது?"

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். வீட்டுக்கு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். வண்டி வராது, நான் மட்டும் வருகிறேன், கட்டில் தூக்குகிற வேலையானாலும் சரி என்றாள். பழைய இரும்புக்காரனை வரச் சொன்னாள். அதெல்லாம் என் மகன் காதில் விழும்படித்தான் நடந்தது. சொன்னாளே தவிர அவன் பக்கம் திரும்பவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து, "அண்டாவுக்குப் பதில் புது அண்டா வாங்கித் தரேன்மா," என்றாள். "எனக்கு அந்த அண்டாதான் வேணும்," என்றேன். அழாமல் இருக்க எனக்கு வேறென்ன வழி?

கதவைத் திறந்து வெளியே கால் வைத்தாள். நின்றுவிட்டாள்.

முற்றத்தில் என் மகன் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். கடைக்குப் போகிற வெள்ளைச் சட்டை. கையில் சின்ன பிரஷ், பக்கத்தில் சிவப்பு பெயிண்ட் டப்பா. வெளிவட்டத்தில் ஒவ்வொரு நட்டாகப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தான். பஞ்சர் கடைக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தான். இரும்புக்காரன் தராசு வண்டியோடு கேட்டருகே விழித்துக்கொண்டிருந்தான். மாடிவீட்டுக்காரி மாடியிலிருந்து பார்த்தாள். அவளுக்குக் காது எட்டவில்லை, கற்பனை எட்டியது.

"அண்ணே," என்றான் என் மகன், தலையைத் தூக்காமல். "அவ சிவப்பு அடிச்சிருந்தா. நான்தான் பச்சை அடிச்சேன். அழகா இருக்கும்னு. இத்தனை நாள் வாயில கொழுக்கட்டை."

பஞ்சர் கடைக்காரர் கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். குனிந்து ஒரு நட்டை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு கோட்டிங் அடி," என்றார். "ஒரு கோட்டிங்ல எனக்கு நம்பிக்கை இல்ல."

பிறகு என் மகள் பக்கம் திரும்பி, "போயிட்டு வா கண்ணு. மேல போய்ச் சேர்ந்ததும் காத்து செக் பண்ணு," என்றார். இரும்புக்காரனை, "உனக்கு இங்க வேலை இல்லப்பா," என்று அனுப்பியதும் அவர்தான்.

என் மகள் பையைக் கீழே வைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"கிளம்பலையாடி?" என்றேன்.

"காயட்டும்மா. ஈரத்தோட போனா தூசி ஒட்டும்."

உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இரண்டாவது கோட்டிங் அடித்து முடித்து, வெள்ளைச் சட்டையில் சிவப்புத் தெறிப்போடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.  நான் உள்ளே போய் அவனுக்கும் சேர்த்து டீ போட்டு எடுத்துவந்தேன். "சர்க்கரை போதுமா?" என்று அவனைக் கேட்டேன்.

பெயிண்ட் காய்ந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள், விரலைத் திருப்பிப் பார்த்தாள், வண்டியில் ஏறினாள்.