ஒரே கிண்ணத்துச் சாயம்

என் கணவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு அளக்கக் கிடைத்த ஒரே நிலம் என் பின்னந்தலை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைச்சாயம் போடும் நாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில், கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே பழைய பேப்பரை விரித்து, கிழிந்த நைட்டியோடு ஸ்டூலில் உட்காருவேன். முன்பக்கத்தையும் காதோரத்தையும் நானே கண்ணாடி பார்த்துப் பூசிவிடுவேன். பின்பக்கம் அவருடைய எல்லைக்குள் வரும். சீப்புக் காம்பால் வகிடு பிரித்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு துண்டாகத் தடவுவார்.

"வடக்க முடிஞ்சுது. இனி பைய கிழக்க திரும்பு" என்பார்.

"நான் திரும்புனா தலையும் சேந்துதான் திரும்பும். நீங்க சுத்தி வாங்க" என்பேன்.

சாயம் எங்கெல்லாம் படக்கூடாதோ அங்கெல்லாம் நன்றாகப் பிடிக்கும். காது மடல், கழுத்து, தலையணை உறை, குளியலறை ஓடு. மூன்று நாளைக்கு என் வலது காதோரம் கரி பூசியது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பிள்ளைகளுக்கு அந்தக் காதுதான் தெரியும். அதனால் அந்த வாரம் மட்டும் பாதி வகுப்பை இடது பக்கமாகச் சாய்ந்து நின்றே நடத்துவேன்.

எங்கள் மகளுக்கு நாங்குநேரியில் ஒரு நல்ல இடம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தலையையே பார்த்தாள்.

"மைனி, உங்களுக்கு ஒரு நரைகூட இல்லையே. என்ன எண்ணெய் தேய்க்கிய?"

நான் யோசிக்கவே இல்லை. "கறிவேப்பிலைய அரைச்சுத் தேங்காய் எண்ணெயில காய்ச்சுவேன் மைனி. வேற ஒண்ணும் கெடையாது."

"எனக்கும் அப்படித்தான். எங்க அம்மை வழியில யாருக்கும் நரையே விழாது" என்றாள் அவள். அவளுடைய முடியும் காக்கை இறகு மாதிரி இருந்தது.

பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா, முழுக்க வெளுத்த தலையோடு, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் தன் பங்குக்கு மீசையைத் தடவி, "எங்க வீட்டுல எல்லாமே இயற்கைதான்" என்று வேறு சொல்லிவைத்தார். அந்த மீசைக்கும் மாதாமாதம் பிரஷ் உண்டு.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சென்னையில் வேலை பார்க்கிற மகள் வீடியோவில் கூப்பிட்டபோது என் காதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அதென்ன கறுப்பா?"

"மச்சம்."

"போன வாரம் இல்லாத மச்சமா? போட்டோ எல்லாம் எடுப்பாங்கம்மா. இந்த ஒரு தடவையாவது பார்லருக்குப் போங்க."

"ஏட்டி, அப்பா நல்லாத்தான போடுதாரு."

"அப்பாவை இதுல இழுக்காதீங்க" என்றாள். போனுக்குப் பின்னால் நின்ற அப்பாவின் முகம் வாடிப்போனது.

வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பார்லர். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர்ந்த காற்று. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, கிளிப்பை எடுத்தாள். பின்னந்தலையைப் பிரித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மேடம், இதுக்கு முன்னாடி எங்க பண்ணீங்க?"

"வீட்டுல."

"யாரு பண்ணினது?"

"வீட்டுக்காரர்."

"பின்னாடி மட்டும் கட்டம் கட்டமா இருக்கு மேடம்."

அது பழக்கதோஷம் என்று நான் விளக்கவில்லை. அவள் ஒரு அட்டையை விரித்து, வரிசையாக ஒட்டியிருந்த முடிக்கற்றைகளைக் காட்டினாள். சுத்தக் கறுப்பு முகத்தை இறுக்கமாகக் காட்டும், டார்க் சாக்லேட் போட்டால் பத்து வயது குறையும் என்றாள். பத்து வயதை யார்தான் வேண்டாமென்பார்கள்? "அந்த மேடத்துக்கும் இதே ஷேடுதான், இப்பத்தான் கலக்கினேன்" என்று சொல்லி, அதே கிண்ணத்திலிருந்தே எனக்கும் தடவினாள். வீட்டில் நான் பட்ட பாடு எதுவுமே இங்கே இல்லை. காதுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, நெற்றி ஓரத்தில் ஏதோ களிம்பு. முடித்து, தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி, "அரை மணி நேரம் மேடம்" என்றாள். இத்தனை வருடம் ஸ்டூலில் உட்கார்ந்து என்ன கண்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மேடம் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முகம் முழுக்கப் பச்சைப் பூச்சு, கண்ணின் மேல் வெள்ளரித்துண்டு, தலையில் என்னைப் போலவே தொப்பி. அவளுடைய போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்தாள்.

"ஆமா, கோயில்லதான் இருக்கேன். கூட்டம் தாங்கல. வர மத்தியானம் ஆவும். சோத்த போட்டுச் சாப்பிடுங்க."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். வெள்ளரியை எடுத்துவிட்டுப் போனை வைத்தவள், எதிரே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எழுந்து ஓட வழியில்லை. கழுத்துத் துணி இரண்டு பேரையும் கட்டிப்போட்டிருந்தது.

"மைனி, நல்லாருக்கியளா?" என்றேன்.

"நல்லாருக்கேன் மைனி." என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "கறிவேப்பிலை வாங்க வந்தியளோ?" என்றாள்.

"ஆமா. நீங்க உங்க அம்மை வழி நரையில்லாத தலையக் காட்ட வந்தியளோ?"

முதலில் அவள்தான் சிரித்தாள். சிரித்ததில் முகப்பூச்சு விரிசல் விட்டு, துண்டு துண்டாக மடியில் உதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நாங்குநேரியில் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி இவ்வளவு தூரம் வருகிறாளாம். இந்தப் பார்லரில் அவள் பல வருடத்து வாடிக்கை.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. குளிர்க்காற்று நின்றது. பார்லர் பெண் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள். அது ஒருமுறை செருமிவிட்டு ஓய்ந்தது. அதுவரை மேடம் மேடம் என்று பட்டணத்து மெருகோடு பேசிக்கொண்டிருந்தவளுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எக்கா, மோசம் போனோம்க்கா! இன்னைக்கு மாசாந்திர கரண்ட் கட்டுல்லா! மேல டேங்குல பொட்டுத் தண்ணி இல்ல. இனி சாயங்காலந்தான் வரும்."

"தலைய எப்பக் கழுவணும்?"

"இன்னும் செத்த நேரத்துல கழுவணும்க்கா. விட்டா முடி பொசுங்கிரும்."

குடிக்க வைத்திருந்த கேனில் கால்வாசித் தண்ணீர் இருந்தது. அதில் மைனியின் முகத்தை மட்டும் கழுவ முடிந்தது. அவள் கண்ணில் நீர் நின்றது. அது கவலையா, சோப்பா என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுல கிணறு இருக்கு. எந்திரிங்க மைனி" என்றேன்.

தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கழுத்தில் பார்லர் துண்டு. இரண்டு பேரும் மாடிப்படி இறங்கி ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். திரும்பியும் ஒருமுறை பார்த்தார்.

"எக்கா, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கா?"

"அதுக்குப் பக்கத்துலதான். வெரசாப் போங்க" என்றாள் மைனி.

அவர் எங்களை என்னவென்று நினைத்தாரோ, வழியெல்லாம் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. அதனால் திரும்பாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சிக்னலில் ஒரு டவுன் பஸ் எங்களை ஒட்டி நின்றது. ஜன்னலுக்கு ஒரு தலையாக எங்களையே பார்த்தது. மைனி குனிந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எங்க ஊருக்காரவுக யாரும் இருக்காகளா பாருங்க மைனி."

"உங்க ஊருக்காரவுகள எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான்."

ஜன்னலோரத்து அம்மா ஒருத்தி என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, 'சுகமாயிரும்' என்பது போலத் தலையசைத்தாள். நானும் பலவீனமாகத் தலையசைத்தேன்.

வீட்டுக் கதவைத் தட்டினேன். என் கணவர் திறந்தார். இடுப்பில் பழைய லுங்கி, மேலே ஒன்றுமில்லை. மீசை மேல் விரற்கடை உயரத்துக்குச் சாயம் அப்பியிருந்தது. நான் பார்லருக்குப் போன கோபத்தில், மீதமிருந்த பொடியை எல்லாம் கலக்கித் தன் மீசையிலேயே காட்டிவிட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், பின்னால் நின்ற சம்பந்தியைப் பார்த்ததும் சிலையானார். உதட்டைத் திறந்தால் சாயம் வாய்க்குள் போய்விடும். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லாமலும் இருக்க முடியாது.

"ம்ம்ங்க, ங்ஙச்சி" என்றார்.

"எல்லாம் இயற்கைதானா அண்ணாச்சி?" என்றாள் மைனி.

நின்று பேச நேரமில்லை. இங்கேயும் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. கிணற்றில் உருளையும் கயிறும் வாளியும் இருந்தன. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவர் இறைத்தார்; நான் ஊற்றினேன். முதலில் மைனியைத் துவைக்கிற கல் முன்னால் குனியவைத்தேன். செங்கறுப்பாகத் தண்ணீர் வாழைமூட்டுக்கு ஓடியது.

"வாழைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"குலை தள்ளும்போது பாப்போம். காதப் பொத்துங்க."

பிறகு அவள் எனக்கு ஊற்றினாள். நல்ல கை. நகம் படாமல் விரல் நுனியால் அலசினாள். என் கணவர் வாளி வாளியாக இறைத்துக்கொண்டே இருந்தார். தன் மீசையைக் கழுவ வேண்டும் என்பது எங்கள் இரண்டு தலையும் முடிந்தபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கழுவினார், சோப்புப் போட்டார், தேங்காய்நாரால் தேய்த்தார். மீசை கறுத்ததோ இல்லையோ, மீசைக்கு மேலே தோல் நன்றாகக் கறுத்திருந்தது. மூக்குக்குக் கீழே இன்னொரு மீசை முளைத்த மாதிரி.

ஈரத்தலையை உலர்த்த வெயிலில் நின்றோம். முடி காயக் காயத்தான் விஷயம் புரிந்தது. பார்லர் விளக்கில் சாக்லேட்டாகத் தெரிந்தது, பாளையங்கோட்டை வெயிலில் நல்ல புதுப்புளியின் நிறத்துக்குச் சிவந்திருந்தது. என் தலையைப் பார்த்து அவள் வாயைப் பொத்தினாள். அவள் தலையைப் பார்த்து நானும் அதையே செய்தேன்.

"உங்க வீட்டு அண்ணாச்சிட்ட என்ன சொல்லுவிய?" என்றேன்.

"கோயில்ல கூட்டம்னு சொல்லிருக்கேன். யாரோ குங்குமத்தைக் கொட்டிட்டாகன்னு சொல்லிர வேண்டியதுதான்."

கரண்ட் இல்லாததால் மிக்ஸியும் ஓடவில்லை. காலையில் வைத்த குழம்பும், அப்பளமும், மோருமாகச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். டீச்சர் வீடு, எதற்கெடுத்தாலும் தப்புக் கண்டுபிடிப்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தாளாம். பெண் பார்க்க வந்த அன்று சேலையை நாலு முறை மாற்றிக் கட்டினாளாம். அவளுடைய காக்கை இறகு முடியைப் பார்த்து நான்தான் பயந்துபோயிருந்தேன் என்று சொன்னேன். என் கணவர் எங்கள் இருவருக்கும் அப்பளத்தைத் தள்ளிவைத்தார். மகளைப் பற்றி எனக்கு இருந்த கலக்கம் அந்த மத்தியானத்தோடு போய்விட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா? பெறவு எப்படிச் சம்பந்தம் பண்ணுதிய?" ஒரே நிறத்தில் இரண்டு கொண்டைகள். ஒரே அளவு மல்லிகைப்பூ வேறு. என் மகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என்னம்மா இது, சீருடையா?" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா என் கணவரின் முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, மீசை ரெண்டடுக்கா இருக்கு?"

"வெயில்ல கறுத்துப்போச்சு, வே."

"மூக்குக்குக் கீழ மட்டுமா வெயிலு அடிச்சுது?" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுலயும் வருஷக்கணக்கா இந்தக் கூத்துதான். கல்யாணமான நாள்ல இருந்து ஒரே தலையணைதான வச்சிருக்கோம். உறை கறுப்பா இருக்கது எனக்குத் தெரியாதா? கோயிலுக்குப் போனேன்னு சொன்னா நானும் விபூதி எங்கன்னு கேக்கதில்ல."

அவர் குரலைத் தாழ்த்தினாலும் அது மேடைவரை கேட்கிற குரல். மைனி காது கேளாதவள் போல வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு நாங்கள் இருவரும் பார்லர் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் நாங்குநேரியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவாள். ஒருவருக்கொருவர் பூசிக்கொள்வோம். பேச்சும் சிரிப்பும் ஓடும். பார்லரில் கிடைக்கிற குளிர்க்காற்று மட்டும்தான் இங்கே இல்லை. என் பின்னந்தலையில் கட்டங்கள் மறைந்தன. பதவி போன என் கணவர் வாசல்படியில் உட்கார்ந்து, "தெக்கு மூலைய விட்டுட்டிய" என்று எல்லை காட்டுவதோடு சரி.

ஒருநாள் அவள் திடீரென்று, இனிமேல் சாயம் வேண்டாம் என்றாள். பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில் எதற்கு இந்த வேஷம், நீங்களும் விட்டுவிடுங்கள் மைனி என்று எனக்கும் புத்தி சொன்னாள். எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் நிஜமாகவே விட்டுவிட்டாள். சில மாதங்களில் தலை பாதிக்கு மேல் வெளுத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள். தலை பாரமே இல்லை என்று போகிற இடமெல்லாம் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை நாங்குநேரியில் பெருமாள் கோயிலுக்கு இரண்டு பேரும் போனோம். வாசலில் பூ வாங்கும்போது பூக்காரம்மா என்னிடம் முழத்தை நீட்டிவிட்டு, மைனியைக் காட்டி, "உங்க அம்மாவுக்கும் ஒரு முழம் தரட்டுமா?" என்றாள்.

மைனி என்னைவிட மூன்று வயது இளையவள்.

சந்நிதியில் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. என்னைப் பஸ் ஏற்றிவிடும்போதுகூட, "சரி மைனி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

மறுநாள் காலை நான் காபிகூடக் குடித்திருக்கவில்லை. கதவு தட்டும் சத்தம். கையில் பழைய நைட்டியோடு மைனி நின்றாள்.

"பாக்கெட் இருக்கா, நான் போய் வாங்கிட்டு வரவா?" என்றாள்.